உங்கள் பிள்ளை எங்கே?



ஜூன் மாதம் பிறந்தது, பள்ளிக்கூடங்களும் திறந்தாயிற்று. சென்ற ஞாயிறு பூசை முடிந்தபின் கிராதியருகே வரிசையாய் நின்ற சிறுவர் சிறுமியரின் புத்தகப் பைகளை மந்திரித்தோம். புதுச் சீருடையையும், அட்டை போட்ட நோட்டுகளையும், பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த தண்ணீர்ப் பாட்டில்களையும் பார்க்க மனம் குளிர்ந்தது. அவர்களுக்குப் பின்னால் நின்ற தாய் தகப்பன்மாரின் முகங்களையும் பார்த்தோம். அந்தச் சீருடைக்காகவும் கட்டணத்துக்காகவும் எத்தனை வீட்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின, எத்தனை தகப்பன்மார் கடல் கடந்து வெயிலில் வேலை செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. பிள்ளையின் படிப்புக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்க்கிற பெற்றோரைக் குறைசொல்ல யாருக்கும் நாக்கு எழாது. ஆகையால் இன்று நாம் எழுதுவதைக் கண்டனமாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் ஆத்தும நன்மையை நாடும் ஞானத் தகப்பன் கேட்கிற கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். கேள்வி சின்னதுதான். உங்கள் பிள்ளை எங்கே?

"பள்ளிக்கூடத்தில் இருக்கிறான், சாமி" என்று உடனே பதில் சொல்வீர்கள். அந்தப் பதில் போதுமா என்பதைத்தான் சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் இன்று தியானிக்கப் போகிறோம்.

சந்தோஷமும் வியாகுலமும்

திங்கட்கிழமையும் சனிக்கிழமையும் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது ஐந்தாம் சந்தோஷ தேவ இரகசியமாக எதைத் தியானிக்கிறோம்? பன்னிரண்டு வயதில் காணாமற்போன சேசு பாலனை, தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் தேவாலயத்தில் கண்டடைந்ததைத் தியானிக்கிறோம். இதே நிகழ்ச்சியைத் திருச்சபை இன்னொரு பக்தியிலும் சேர்த்து வைத்திருக்கிறது. தேவமாதாவின் ஏழு வியாகுலங்களில் மூன்றாவது வியாகுலம் இதுவே. கண்டடைந்ததை எண்ணினால் சந்தோஷம். காணாமற்போன அந்த மூன்று நாட்களை எண்ணினால் வியாகுலம். பிள்ளை பெற்றவர்களின் வாழ்க்கை முழுவதும் இவ்விரண்டுக்கும் நடுவில்தானே ஓடுகிறது!

அர்ச். லூக்காஸ் எழுதியிருப்பதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வருஷந்தோறும் பாஸ்குத் திருவிழாவுக்கு நசரேத்தூரிலிருந்து ஜெருசலேமுக்குப் போவது திருக்குடும்பத்தின் வழக்கம். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. கால்நடையாய்ப் பல நாள் பிரயாணம். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் எப்படிக் கூட்டங்கூட்டமாய்ச் சேர்ந்து போவார்களோ, அப்படித்தான் அக்காலத்தில் யாத்திரை போனார்கள். திருவிழா முடிந்து ஊர் திரும்புகையில் பாலன் ஜெருசலேமிலேயே தங்கிவிட்டார். பெற்றோர் இதை அறியவில்லை. யாத்திரைக் கூட்டத்தில் எங்கேயோ வந்துகொண்டிருப்பார் என்று எண்ணி ஒரு நாள் வழி நடந்துவிட்டார்கள். பிறகு உறவினர் நடுவிலும் அறிமுகமானவர் நடுவிலும் தேடினார்கள், காணவில்லை. ஜெருசலேமுக்குத் திரும்பினார்கள். மூன்று நாளுக்குப் பின் தேவாலயத்தில், சாஸ்திரிகளின் நடுவே உட்கார்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டும் அவர்களைக் கேள்வி கேட்டும் கொண்டிருந்த பாலனைக் கண்டார்கள்.

இதில் தேவமாதாவின் பேரிலோ அர்ச். சூசையப்பர் பேரிலோ யாதொரு குற்றமும் இல்லை. பாலன் தங்கியது தம் பரம பிதாவின் சித்தப்படியே. ஆனால் இந்த நிகழ்ச்சி நம் படிப்பினைக்காகவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. குற்றமற்ற பெற்றோருக்கே பிள்ளையைத் தேடி அலையும் நாள் வருமானால், நம்மைப்போன்ற பலவீனருக்கு அது வராதிருக்குமா? பிள்ளை கைநழுவிப் போயிற்றே என்று கலங்கும் தாயே, அதற்காக வெட்கப்படாதே. திரும்பிப் போய்த் தேடாதிருந்தால் மட்டுமே வெட்கப்படவேண்டும்.

கூட்டத்தில் வருகிறான் என்கிற நினைப்பு

முதலாவது, பாலன் கூட்டத்தில் இருக்கிறார் என்று அவர்கள் எண்ணியதைக் கவனியுங்கள். அந்த ஒரு நாள் முழுதும் அவர்கள் மனதில் பதற்றமில்லை. பிள்ளை கூட இல்லை. ஆனால் இருக்கிறது என்ற நிம்மதி இருந்தது.

நம் வீடுகளில் இன்று நடப்பதைப் பாருங்கள். விடியுமுன்னே பிள்ளையை எழுப்பிக் கணக்கு டியூஷனுக்கு அனுப்புகிறோம். அங்கிருந்து வந்ததும் நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு வேனில் ஏறுகிறான். பள்ளி விட்டபின் சிறப்பு வகுப்பு. அது முடிந்தால் வேறொரு டியூஷன். இரவு வீட்டுக்கு வரும்போது தகப்பனார் ஒன்று வந்திருக்கமாட்டார், அல்லது வந்து அலுப்பில் படுத்திருப்பார். சனிக்கிழமை ஒரு பரீட்சை, ஞாயிறு காலையில் நுழைவுத் தேர்வுப் பயிற்சி. பிள்ளை எங்கே என்று தாயைக் கேட்டால் பள்ளிக்கூடத்தில் என்கிறாள். பள்ளிக்கூடத்தைக் கேட்டால், நாற்பது ஐம்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒருவனை எப்படித் தனியாகக் கவனிப்பது, வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்கிறார்கள். டியூஷன் ஆசிரியருக்கு அவன் கணக்குத் தெரியும்; அவன் கலக்கம் தெரியாது. எல்லோரும் அவன் கூட்டத்தில்தான் வருகிறான் என்று எண்ணிக்கொண்டு அவரவர் வழியில் நடக்கிறார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் பிள்ளையாவது நம்மோடு இருக்கிறானா? கதவைச் சாத்திக்கொண்டு செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறான். "வெளியே எங்கும் சுற்றாமல் வீட்டோடு இருக்கிறான்" என்று தாய் பெருமையாகச் சொல்கிறாள். உடம்பு அறைக்குள் இருக்கிறது. மனம் எந்த ஊர்ச் சந்தையில் யாரோடு நிற்கிறது என்று அவளுக்குத் தெரியுமா? காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் குடும்ப அன்பைக் குறித்து 2016-ம் ஆண்டு எழுதிய ஊக்கவுரையில் இதைத்தான் பெற்றோருக்கு நினைவூட்டினார். பிள்ளை இந்த நேரத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று துருவித் துருவிக் காவல் காப்பதல்ல வளர்ப்பு. அதன் உள்ளம் எங்கே இருக்கிறது, அதன் ஆசைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று அறிந்திருப்பதே பெரிது என்றார். இந்தக் காலத்தில் பள்ளி வேன் எந்தத் தெருவில் திரும்புகிறது என்பதைச் செல்போனிலேயே பார்த்துக்கொள்ள வசதி வந்துவிட்டது. பிள்ளையின் மனது எந்தத் தெருவில் திரும்புகிறது என்று காட்டும் கருவி இதுவரை வரவில்லை, இனியும் வராது. அதைப் பெற்றவர்களே பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கவேண்டும்.

இது ஏதோ குருவானவரின் சொந்த அபிப்பிராயம் என்று எண்ணவேண்டாம். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ம் தேதி வெளியிட்ட கல்விபற்றிய அறிக்கையில், பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்களும் முக்கிய ஆசிரியர்களும் பெற்றோரே என்றும், அவர்கள் அந்தக் கடமையில் தவறினால் அதை வேறெதைக்கொண்டும் ஈடுசெய்வது அரிது என்றும் சொல்லியிருக்கிறது. 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் இதைப் பெற்றோரின் மிகவும் கனமான கடமை என்றே குறிக்கிறது. பள்ளிக்கூடம் பெற்றோருக்குத் துணை. துணைக்கு வந்தவரிடமே வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம் எங்கேயாவது உண்டா?

உறவினர் நடுவில் தேடுதல்

இரண்டாவது, அவர்கள் எங்கே தேடினார்கள் என்று பாருங்கள். முதலில் உறவினர் நடுவிலும் அறிமுகமானவர் நடுவிலும் தேடினார்கள். அங்கே பாலன் அகப்படவில்லை. அவர்கள் தேடியதில் தவறில்லை. ஆனால் இந்த வார்த்தையை வாசிக்கும்போதெல்லாம் நம் வீடுகளின் ஞாபகம் வருகிறது. நாமும் நம் பிள்ளையை உறவினர் நடுவிலேதான் தேடுகிறோம், வேறு விதமாக!

"உன் சித்தி மகன் 600-க்கு எவ்வளவு தெரியுமா?" "எதிர்வீட்டுப் பெண்ணைப் பார்த்தாவது உனக்குப் புத்தி வரவேண்டாமா?" "உன் பெரியப்பா வீட்டில் எல்லோரும் இன்ஜினீயர். நான் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்கிற பிள்ளை நம் பங்கில் எத்தனை பேர்? தமிழக அரசு 2017-ம் ஆண்டிலேயே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் வெளியிடும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. பிள்ளைகளுக்குள் ஆரோக்கியமற்ற போட்டி வேண்டாம் என்பதே காரணம். சர்க்கார் நிறுத்திய வரிசைப் பட்டியலை நாம் மட்டும் சமையலறையிலும் கலியாண வீட்டுப் பந்தியிலும் வாட்ஸ்அப்பிலும் இன்றைக்கும் வெளியிட்டுக் கொண்டிருக்கிறோம்.

பிரியமானவர்களே, உறவினர் வீட்டுப் பிள்ளையில் உங்கள் பிள்ளையைத் தேடினால் காணமாட்டீர்கள். ஏனென்றால் சர்வேசுரன் அவனை அங்கே வைக்கவில்லை. ஒவ்வொரு ஆத்துமத்தையும் தனித்தனியே சிருஷ்டித்தவர் அவர். ஒருவனுக்கு ஐந்து தாலந்தும் வேறொருவனுக்கு இரண்டு தாலந்தும் கொடுத்த எஜமானின் உவமையில், இரண்டைக்கொண்டு இன்னும் இரண்டு சம்பாதித்த ஊழியனுக்கும் ஐந்து பெற்றவனுக்குக் கிடைத்த அதே பாராட்டுத்தானே கிடைத்தது? உனக்கு ஏன் ஐந்து இல்லை என்று எஜமான் அவனைக் கேட்கவில்லை. எஜமான் கேட்காத கேள்வியைக் கேட்க நமக்கு அதிகாரம் கொடுத்தது யார்?

அங்கே காணாதபோது அவர்கள் என்ன செய்தார்கள்? ஜெருசலேமுக்குத் திரும்பினார்கள். ஒரு நாள் நடந்த வழி வீண். கூடவந்த கூட்டம் முன்னே போய்விட்டது. தச்சுப் பட்டறையில் வேலை காத்திருக்கும். அர்ச். சூசையப்பர் இவற்றையெல்லாம் கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. யாரையாவது அனுப்பித் தேடச் சொல்லவும் இல்லை. தாயும் தகப்பனும் தாங்களே, இருவருமாய், திரும்பி நடந்தார்கள்.

திரும்பி நடப்பது என்றால் நமக்கு நஷ்டம் உண்டு என்பது இதனால் விளங்கும். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கவேண்டுமானால் சிநேகிதரோடு நிற்கும் நேரத்தைக் குறைக்கவேண்டும். பிள்ளையின் செல்போனை ஒதுக்கிவைக்கச் சொல்லவேண்டுமானால் முதலில் நம்முடையதை ஒதுக்கவேண்டும். தாய் தொடர் நாடகத்தைப் பார்த்துக்கொண்டே "போய்ப் படி" என்றால் அது நாற்காலியிலிருந்து வருகிற குரல். பக்கத்தில் அமர்ந்து, பாடம் புரியாவிட்டாலும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிற தாயின் மௌனத்துக்கு இருக்கிற பலம் அந்தக் குரலுக்கு இல்லை. வெளிநாட்டிலிருக்கும் தகப்பனும் திரும்பி நடக்கலாம். வாரந்தோறும் பேசும்போது "மார்க் என்ன?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்தாமல், "இந்த வாரம் எதைக் கண்டு சந்தோஷப்பட்டாய்? எதைக் கண்டு பயந்தாய்?" என்று கேட்டால், கடல் கடந்தும் அவர் பிள்ளையின் பக்கத்தில் இருப்பார்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியும் ஒளிக்காமல் சொல்லவேண்டியிருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் சில வீடுகளில் பிள்ளைக்குப் பூசையும் ஞானோபதேச வகுப்பும் விடுமுறையாகிவிடுகின்றன. "இந்த ஒரு வருஷம் மட்டும், சாமி" என்கிறார்கள். பிறகு பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் நுழைவுத் தேர்வு. இந்த வருஷங்களில் பிள்ளை படிக்கிற பெரிய பாடம் எது தெரியுமா? நெருக்கடி வரும்போது முதலில் தள்ளிவைக்கத் தக்கவர் ஆண்டவர் என்கிற பாடம். அதைக் கற்பித்தது எந்தப் பள்ளிக்கூடமும் அல்ல. வாரத்தின் 168 மணியில் ஒரு மணியை ஆண்டவருக்கு ஒதுக்குவதால் எந்தப் பிள்ளையும் தோற்றுப்போனதில்லை.

கண்டபின் பேசிய விதம்

மூன்றாவது, கண்டடைந்ததும் தேவமாதா எப்படிப் பேசினாள் என்பதைத் தியானியுங்கள். மூன்று நாள் தேடி, உள்ளம் வெந்திருந்த தாய். அத்தனை பெரிய மனிதர் நடுவில் பிள்ளையைக் கைநீட்டி அடிக்கவில்லை; ஏசவில்லை. மகனே என்று அழைத்து, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டாள். தாங்கள் இருவரும் வேதனையோடு தேடியதையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாள். வந்த பதில் அவளுக்கு விளங்கவில்லை. தம் பிதாவின் காரியத்தில் தாம் இருக்கவேண்டும் என்று பாலன் சொன்னதை அப்போது பெற்றோர் கண்டுபிடிக்கவில்லை என்று சுவிசேஷமே சொல்கிறது. விளங்காத பதிலை அவள் தட்டிக்கழிக்காமல் தன் இருதயத்தில் பத்திரப்படுத்தினாள்.

கேட்பது, காத்திருப்பது, விளங்காவிட்டாலும் மனதில் வைத்துக்கொள்வது. பிள்ளை வளர்ப்பு என்ற பெரிய சாஸ்திரம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

இது முக்கியமாக வேண்டியிருப்பது தேர்வு முடிவு வருகிற நாளில். அந்த நாளில் வீட்டில் பேசப்படுகிற முதல் வார்த்தைக்கு உயிரின் கனம் உண்டு. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2022-ம் ஆண்டில் நம் இந்தியாவில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,000-க்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் பரீட்சையால் இறந்தவர்கள் அல்லர், காரணங்கள் பல. அந்தப் பிள்ளைகளின் ஆத்துமங்களைச் சர்வேசுரனின் இரக்கத்துக்கு ஒப்படைப்போம். அவர்களைப் பெற்றவர்களைக் கூண்டில் நிறுத்துவது நம் வேலையல்ல, அவர்களோடு அழுவதே நம் வேலை. ஆயினும் ஒன்று நிச்சயம். கூட்டத்தில் சிரித்துப் பேசிக்கொண்டு வந்த பிள்ளைகளும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்கள். கூட இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

தேர்ச்சிக்கு 35 மார்க் வேண்டும். பிள்ளைக்கு 28 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஏழு மார்க். ஒரு வருஷம் போயிற்று என்றுகூடச் சொல்ல முடியாது. ஒன்றிரண்டு மாதத்துக்குள் துணைத் தேர்வு எழுதி அதே ஆண்டில் மேலே படிக்கலாம். ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக் இருக்கிறது, கைத்தொழில் இருக்கிறது. பெரிய குருவாகிய நம் ஆண்டவரே தச்சுப் பட்டறையில் வேலை கற்றவர் அல்லவா? ஏழு மார்க்குக்காக "நீ ஏன் பிறந்தாய்?" என்று ஒரு தாய் கேட்கலாமா? சொன்னவள் மறுநாள் மறந்துவிடுவாள், கேட்டவன் மறக்கமாட்டான். அந்த நாளில் சொல்லவேண்டியது வேறு. "சாப்பிட வா, ராசா. அப்புறம் உட்கார்ந்து யோசிப்போம்." இந்த இரண்டு வாக்கியத்துக்குமேல் எந்தப் பிரசங்கமும் அன்றைக்கு வேண்டியதில்லை.

பங்குக் குருக்களுக்குப் பாதுகாவலரான அர்ச். மரிய வியான்னி அருளப்பரின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். 1786-ம் ஆண்டு பிரான்சு தேசத்தில் குடியானவர் வீட்டில் பிறந்தவர். புரட்சிக் காலமானதால் சிறுவயதில் சரியான பள்ளிப்படிப்பு இல்லை. இருபது வயதை ஒட்டித்தான் லத்தீன் படிக்க உட்கார்ந்தார். படித்தது மனதில் நிற்கவில்லை. குருமடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு அவர் கதை முடிந்திருக்கவேண்டும். ஆனால் பாலே என்ற ஒரு பங்குக்குரு அவரைக் கைவிடவில்லை. மார்க்கைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்தார். தம் வீட்டிலேயே வைத்துப் பொறுமையாய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். மேலதிகாரிகளிடம் அவருக்காகப் பரிந்து பேசினார். 1815-ம் ஆண்டு அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. லத்தீன் வராத அந்தக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் பிரான்சு தேசமே ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்குத் திரண்டு போனது. 1925-ம் ஆண்டில் திருச்சபை அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்திற்று. பாலே சுவாமியார் என்ற ஒரு மனிதர் அவரைத் தேடி வராதிருந்தால் இவ்வளவும் எங்கே?

பிள்ளை கேட்கிற படிப்பு விஷயத்திலும் இதுவே முறை. "டாக்டராகவேண்டும்" என்று தகப்பன் தீர்மானித்திருக்க, பிள்ளை வரலாறு படிக்கவேண்டும் என்கிறது; அல்லது வயலில் இறங்க ஆசைப்படுகிறது; அல்லது குருமடத்துக்கோ கன்னியர் மடத்துக்கோ போகவேண்டும் என்கிறது. உடனே ஒப்புக்கொள்ளவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிறுபிள்ளைக்கு அனுபவம் போதாது. பெற்றோர் எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பதிலை முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பிள்ளை உங்களுக்கு முன்பே பரம பிதாவுக்குச் சொந்தம் என்பதைத்தானே தேவாலயத்தில் பாலன் தம் பெற்றோருக்கு உணர்த்தினார்?

படிக்காத தாயும் படிப்பித்தாள்

"நாங்கள் எழுத்து வாசனை இல்லாதவர்கள், சாமி, பிள்ளை இங்கிலீஷில் படிக்கிறான், நாங்கள் எதைச் சொல்லிக்கொடுப்பது?" என்று சிலர் கேட்கிறார்கள். இவர்களுக்காகவே ஒரு தாயைச் சர்வேசுரன் எழுப்பியிருக்கிறார்.

இத்தாலி தேசத்தில் மர்கரீத்தா என்ற குடியானவப் பெண்மணி. எழுதப் படிக்கத் தெரியாது. 1817-ம் ஆண்டு கணவர் இறந்தபோது கடைசி மகனுக்கு இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. மூத்தாள் மகனையும் தன் இரண்டு ஆண்பிள்ளைகளையும் வயல் வேலை செய்து காப்பாற்றினாள். ஞானோபதேசத்தை வாய்ப்பாடமாகவே மக்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதல் பாவசங்கீர்த்தனத்துக்குக் கடைசி மகனைத் தானே ஆயத்தம் செய்தாள். அவனைப் பள்ளிக்கு அனுப்பக்கூடாது, வயலுக்கு அனுப்பவேண்டும் என்று வீட்டிலேயே சண்டை வந்தபோதும் அவன் படிப்புக்கு வழி தேடினாள். அந்த மகன்தான் அர்ச். தொன் போஸ்கோ. பின்னாளில் தூரின் பட்டணத்தில் அவர் திக்கற்ற சிறுவரைச் சேர்த்து வளர்த்தபோது, 1846-ம் ஆண்டு அந்த வயதான தாய் ஊரைவிட்டுப் போய்ப் பத்து வருஷம் அச்சிறுவருக்குச் சமைத்து, துணி தைத்துக்கொடுத்து அங்கேயே இறந்தாள். 2006-ம் ஆண்டில் திருச்சபை அவளை வணக்கத்துக்குரியவள் என்று அறிவித்தது.

கல்விக்கூடங்கள் பல ஏற்படுத்திய அந்த அர்ச்சியசிஷ்டர் 1884-ம் ஆண்டு ரோமாபுரியிலிருந்து தம் சபையாருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பெரிய உண்மையை உணர்த்தினார். பிள்ளைகளை நாம் நேசித்தால் போதாது. நேசிக்கப்படுகிறோம் என்று அவர்களுக்கே தெரியவேண்டும் என்பதே அது. இந்த உண்மையை அவர் முதலில் எந்தச் சாஸ்திரியிடம் படித்திருப்பார்? எழுத்தறியாத அந்தத் தாயின் மடியில் அல்லவா? அடகு வைத்த வளையல் நேசத்துக்குச் சாட்சிதான். ஆனால் வளையல் பேசாது. தாய்தான் பேசவேண்டும்.

இந்த வருஷத்துக்கு ஐந்து தீர்மானங்கள்

ஒன்று. நாளுக்கு ஒரு வேளையாவது வீட்டார் எல்லோரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் செல்போனும் ஓயட்டும். மார்க்கைப் பற்றிய பேச்சும் ஓயட்டும்.

இரண்டு. படுக்கைக்குப் போகுமுன் பத்து நிமிஷமாவது குடும்ப ஜெபம் சொல்லி, பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து தூங்க வையுங்கள். அன்று எவ்வளவு திட்டியிருந்தாலும் அந்தச் சிலுவை அடையாளத்தோடு அந்த நாள் முடியட்டும்.

மூன்று. ஞாயிறு பூசையையும் ஞானோபதேசத்தையும் எந்தத் தேர்வுக்காகவும் விற்காதீர்கள். பயிற்சி வகுப்பு காலையில் இருந்தால் சனி மாலைப் பூசைக்குக் கூட்டிவாருங்கள். நம்மிடம் வந்து சொல்லுங்கள், ஞானோபதேசத்துக்கு வேறொரு நேரத்தை நாமே பார்த்து ஒழுங்கு செய்வோம்.

நான்கு. உங்கள் பிள்ளையை வேறொரு பிள்ளையின் பேரைச் சொல்லித் திட்டுவதில்லை என்று இன்றே பிரதிக்கினை செய்யுங்கள்.

ஐந்து. பிள்ளை சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், யாரோடும் ஒட்டாமல் நாட்கணக்காக இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் பேசினாலோ, "நடிக்கிறான்" என்று தள்ளிவிடாதீர்கள். தனியே விடாமல் பக்கத்தில் இருந்து கேளுங்கள், வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணிலும், பிள்ளைகளின் உதவிக்கு 1098 என்ற எண்ணிலும் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குருமனைக் கதவையும் எந்த நேரமும் தட்டலாம்.

நம் பங்கில் ஆசிரியப் பணி செய்கிற சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. தேவாலயத்தில் பாலன் சாஸ்திரிகளைக் கேள்வி கேட்டார். அவர்கள் அதட்டி உட்காரவைக்கவில்லை, வியந்தார்கள். உங்கள் வகுப்பில் கேள்வி கேட்கிற பிள்ளை பாடத்தைத் தாமதப்படுத்துகிறவன் அல்ல. அவனே பாடத்தைப் படிக்கிறவன். நாற்பது பேருக்கு நடுவில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டால், பெற்றோர் தவறவிட்ட பிள்ளையை நீங்கள் தேவாலயத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களாவீர்கள்.

பிரியமானவர்களே, பாலன் பெற்றோரோடு நசரேத்தூருக்குத் திரும்பிப் போனார்; அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார்; ஞானத்திலும் வயதிலும், சர்வேசுரனுக்கும் மனிதருக்கும் முன்பாக வரப்பிரசாதத்திலும் வளர்ந்தார். இந்த வளர்ச்சிக்கு மார்க் ஷீட்டில் கட்டம் கிடையாது. ஆனால் கடைசி நாளில் பெற்றோரிடம் கேட்கப்படுவது இதைப்பற்றித்தான். அன்று நம் ஆண்டவர், பிள்ளை எவ்வளவு வாங்கினான் என்று விசாரிக்கமாட்டார். நான் உன்னிடம் ஒப்படைத்த பிள்ளை எங்கே என்றுதான் கேட்பார். "இதோ, சுவாமீ, என் பக்கத்தில் இருக்கிறான்" என்று சொல்லக்கூடிய பாக்கியம் நம் பங்கிலுள்ள எல்லாத் தாய் தகப்பன்மாருக்கும் கிடைக்கும்படி, திரு இருதய மாதமாகிய இம்மாதத்தில் வேண்டிக்கொள்வோம்.

சேசுவின் திவ்விய இருதயமே, எங்கள் பிள்ளைகளை உமது காவலில் வைத்தருளும். அவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும், அவர்களுக்குச் செவிகொடுக்கும் பொறுமையையும் எங்களுக்குத் தந்தருளும். வியாகுல மாதாவே, அர்ச். சூசையப்பரே, பிள்ளையைத் தேடித் தவிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்கள் துணையாயிருங்கள்.

ஆமென்.